பரசூட் படை இடம் தவறி விழுவது ஏன்? வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முல்லைத்தீவு மாவட்டத்தில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் நடந்த படையிறக்கம் வந்தவுடன் பரசூட் கேள்விகள் தொடங்கிவிடும். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் தங்கள் கேள்விகளைச் சொல்லி அனுப்புவார்கள். வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் பதுங்குகுழியைத் தேடி ஓடிய சனத்தின் கேள்விகள் அவை. திரும்பத் திரும்ப வருகிறவற்றை, கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

1. சேர், ஹெலியில வந்து இறங்கினவையும் பரசூட் படைதானே?

இல்லை, இரண்டும் வேறு. ஹெலிகொப்டர் தரையைத் தொட்டோ, தரைக்குக் கிட்ட நின்றோ ஆட்களை இறக்கும். பரசூட் படையினர் பறந்துகொண்டிருக்கிற விமானத்திலிருந்து குதிப்பார்கள். போர்க்களத்துக்கென்று பெருந்தொகையாகக் குதிக்கும்போது பரசூட்டை அவர்களே விரிப்பதும் இல்லை. விமானத்துக்குள் ஒரு கம்பியில் கொளுவிய பட்டி, ஆள் வெளியே விழுந்ததும் பரசூட்டை இழுத்து விரித்துவிடும். 300 மீற்றர் போன்ற குறைந்த உயரத்திலிருந்து குதிப்பதால் கையால் இழுத்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் நடந்தவை பெரும்பாலும் ஹெலி இறக்கங்கள்தான். 1987 ஒக்டோபரில் இந்தியப் படை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இறங்கியதும், 1996 ஜூலையில் புலிகளின் தாக்குதலுக்குள்ளான முல்லைத்தீவு முகாமை மீட்க இலங்கை இராணுவத்தின் சிறப்புப் படையினர் அளம்பில் பக்கம் இறங்கியதும் ஹெலிகொப்டரில்தான். 1987இல் வந்தவர்களில் ‘பரா கொமாண்டோ’ என்ற பிரிவினர் இருந்ததால் அவர்கள் பரசூட்டில் வந்தார்கள் என்று இன்றைக்கும் பலர் சொல்கிறார்கள்.

2. தம்பி, சண்டை நேரம் ராவில பரசூட் மெல்ல மெல்ல இறங்கினதை நான் கண்ணால கண்டனான். அது என்ன அப்ப?

நீங்கள் கண்டது பரா வெளிச்சக் குண்டு. பீரங்கியிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ சுடுவார்கள், விமானத்திலிருந்தும் போடுவார்கள். மேலே போய் வெடித்ததும் ஒரு சின்னப் பரசூட் விரியும். அதில் தொங்கும் குழாய் எரிந்து, நிலத்தைப் பகலாக்கிக்கொண்டு காற்றோடு போகும். அதில் ஆள் கிடையாது.

அந்தக் குழாய்களும் துணிகளும் காட்டுக்கரையிலும் கைவிட்ட காணிகளிலும் இன்னமும் அகப்படலாம். வெடிக்காத வெளிச்சக் குண்டு பல வருடம் கழித்தும் பற்றி எரியக் கூடியது. தொடாமல், இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுகிறவர்களுக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

3. இறங்கிற இடம் எண்டு குறிக்கிறது ஒரு புள்ளியோ, ஒரு வயல்வெளியோ?

வயல்வெளிதான், அதுவும் நீளமான வெளி. குதிக்கிற நேரத்தில் விமானம் மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீற்றர் வேகத்தில் போகும். அது செக்கனுக்கு 65 மீற்றருக்கு மேல். சி-130 விமானம் ஒன்றில் 64 பரசூட் வீரர்கள் ஏறலாம். இரண்டு கதவில் ஒவ்வொன்றாலும் செக்கனுக்கு ஒருவராகக் குதித்தாலும் கடைசி ஆள் வெளியே வர அரை நிமிடம் பிடிக்கும். அதற்குள் விமானம் இரண்டு கிலோமீற்றர் போய்விடும். எல்லாம் சரியாக நடந்தாலும் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே இரண்டு கிலோமீற்றர்!

ஆகவே மரம், மின்கம்பி, ஆழமான தண்ணீர் இல்லாத, விமானம் போகிற திசையில் நீண்ட வெளியைத்தான் தேடுவார்கள். யாராவது கதவடியில் இரண்டு செக்கன் தயங்கினால் அவருக்குப் பின்னால் வருகிற அத்தனை பேரும் 130 மீற்றர் தள்ளி விழுவார்கள்.

4. குறிச்ச இடத்துக்கு நேர மேல வந்து குதிச்சா நேர கீழதானே விழுவினம்?

விழமாட்டார்கள். ஓடுகிற லொறியிலிருந்து மூட்டையைத் தள்ளினால் அது கொஞ்சத் தூரம் லொறியோடு சேர்ந்து முன்னால் போய்த்தான் விழும். விமானத்திலிருந்து குதிக்கிற ஆளும் அப்படியே. பரசூட் விரிந்து வேகம் அடங்குவதற்குள் 200 மீற்றர் அளவு முன்னால் போய்விடுவார்.

அப்புறம் காற்று. வட்டப் பரசூட்டில் இறங்குகிறவர் செக்கனுக்குச் சுமார் 6 மீற்றர் வீதம் கீழே வருவார். 300 மீற்றர் இறங்க 50 செக்கன். காற்று செக்கனுக்கு 10 மீற்றர், அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர் என்றால், அந்த 50 செக்கனில் அரைக் கிலோமீற்றர் பக்கவாட்டில் போய்விடுவார். எங்கள் பக்கத்துச் சோளகம் உரத்து வீசுகிற ஆனி, ஆடி நாட்களை நினைத்துப் பார்த்தால் விளங்கும். அமெரிக்கப் படையின் பயிற்சிக் குதிப்புகளில் தரைக்காற்று 13 நொட்டுக்கு, மணிக்கு 24 கிலோமீற்றருக்கு, மேலே போனால் குதிக்க விடுவதில்லை.

5. அந்தக் கணக்கைத்தான் முதலே போட்டு வைச்சிருப்பினமே. பிறகும் ஏன் பிழைக்குது?

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே சொன்ன காற்றுக் கணக்கு முழுக்கப் பிழைத்தாலும் ஆள் சில நூறு மீற்றர்தான் தள்ளி விழுவார். வரலாற்றில் பதிவான பெரிய தவறுகளோ பத்து, இருபது, ஐம்பது கிலோமீற்றர்க் கணக்கில் இருக்கின்றன. பரசூட்டில் 50 செக்கன் தொங்குகிற ஆளைக் காற்று ஐம்பது கிலோமீற்றர் கொண்டுபோக முடியாது. அந்த ஆளைப் பிழையான இடத்துக்கு மேலே கொண்டுபோய் விட்டது விமானம். மீற்றர் கணக்குத் தவறு காற்றினால், கிலோமீற்றர் கணக்குத் தவறு வழி தவறியதால். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்தக் கதையும் விளங்காது.

1943 ஜூலை 9ஆம் திகதி இரவு, சிசிலித் தீவு. 3,400 அளவு அமெரிக்கப் பரசூட் படையினர் தூனிசியாவிலிருந்து புறப்பட்டார்கள். மோல்ட்டாப் பக்கம் திரும்பி, கடலுக்கு மேலே தாழப் பறந்து போக வேண்டும். காற்று மணிக்கு 55 கிலோமீற்றர் அளவில் வீசியது. அது மணித்தியாலக் கணக்கில் விமானங்களைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளி அணியையே குலைத்துவிட்டது. இருட்டில் திரும்ப வேண்டிய அடையாளங்களைப் பலர் காணவே இல்லை. ஆட்கள் நூறு கிலோமீற்றர் நீளத்துக்குச் சிதறினார்கள். தளபதி ஜேம்ஸ் கவினே குறித்த இடத்திலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் தள்ளித்தான் விழுந்தார்.

1944 டிசம்பர் 17 அதிகாலை ஜெர்மன் படைக்கும் அதே கதி. ஹைட்டே என்ற தளபதியின் கீழ் 1,200க்கும் மேற்பட்டவர்கள் பெல்ஜியத்தில் ஒரு வீதிச் சந்திக்கு அருகே இறங்க இருந்தார்கள். பலத்த காற்று, அனுபவம் குறைந்த விமானிகள். ஒரு பகுதியினர் ஜெர்மனிக்கு உள்ளேயே, பொன் நகரப் பக்கம் குதித்துவிட்டார்கள். ஹைட்டேயால் கூட்டிச் சேர்க்க முடிந்தது 300 பேர் அளவில்தான். அந்த ஆட்பலத்தோடு சந்தியைப் பிடிக்க முடியாமல், ஒளித்திருந்து பார்த்துவிட்டு, கடைசியில் அவர் சரணடைந்தார்.

6. அப்ப குற்றம் விமானியிலதான், என்ன?

ஒருவரில் மட்டும் போட முடியாது. இடத்தைக் கண்டுபிடிப்பவர் வழிகாட்டும் விமான அதிகாரி, குதிக்கச் சொல்லும் பச்சை விளக்கை எரிப்பது விமானி அறை, கதவடியில் நின்று அனுப்புவது குதிப்புக்குப் பொறுப்பான அதிகாரி. முன்னால் போகிற விமானம் பிழைத்தால் பின்னால் வருகிறவர்களும் அதைப் பார்த்தே குதிக்க விடுவார்கள்.

சண்டை இல்லாத வழியிலும் பிழைக்கலாம். 1956 ஒக்டோபரில் இஸ்ரேலியப் பரசூட் படையினர் 395 பேர் சினாய்ப் பாலைவனத்தில் மிட்லாக் கணவாய்க்கு அருகே குதித்தார்கள். பகல் முடிகிற நேரம், எதிர்ப்பும் இல்லை. என்றாலும் சில கிலோமீற்றர் பிழைத்து, மிச்ச வழியை நடந்துதான் போனார்கள்.

7. நோர்மண்டியில எல்லாரும் சிதறினதுக்கு என்ன காரணம்?

முதற்காரணம் முகில். 1944 ஜூன் 6 பிறந்த கையோடு, 800க்கும் மேற்பட்ட விமானங்களில் 13,000க்கும் அதிகமான அமெரிக்கப் பரசூட் படையினர் நோர்மண்டிக்கு மேலே வந்தார்கள். கரையைத் தாண்டியதும் எதிர்பாராத முகிற்கூட்டம். ஒருவரோடு ஒருவர் மோதாமலிருக்க விமானங்கள் மேலும் கீழும் பக்கமுமாகப் பிரிந்தன. முகிலை விட்டு வெளியே வந்தபோது பக்கத்தில் நின்ற விமானத்தைக் காணவில்லை. கீழேயிருந்து விமான எதிர்ப்புச் சூடு. விமானிகள் பலர் வேகத்தைக் குறைக்காமலே பச்சை விளக்கை எரித்தார்கள். முன்கூட்டியே குதித்து ஒளி, வானொலி அடையாளங்களை வைக்க வேண்டிய வழிகாட்டி அணிகளில் பலவும் இடம் மாறி விழுந்திருந்தன. ஆகவே சரியாக வந்த விமானத்துக்கும் கீழே அடையாளம் இல்லை.

ஜோன் ஸ்டீல் என்பவர் சென்-மேர்-எக்லீஸ் ஊரின் நடுவிலேயே இறங்கி, தேவாலயக் கோபுரத்தில் பரசூட் மாட்டித் தொங்கினார். கீழே சண்டை நடக்க, செத்தவர்போலத் தொங்கியிருந்து, பிடிபட்டு, பிறகு தப்பினார். இன்றைக்கும் அந்தக் கோபுரத்தில் ஒரு பொம்மை வீரனைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதைதான் பிடிக்கும். எனக்கு மனதில் நிற்பது அடுத்த கேள்விக்கான பதிலில் வருகிறவர்கள்.

8. குளத்துக்க விழுந்தா நீந்தி வரலாம்தானே?

இரணைமடுவில் விளையாட்டாக நீந்துவதை வைத்துச் சொல்லாதீர்கள். பரசூட் வீரர் முழு உடுப்பு, சப்பாத்து, ஆயுதம், ரவை, உணவு, மேலதிகப் பரசூட் எல்லாவற்றோடும் விழுகிறார். மேலே பரசூட் துணி நனைந்து மூடும், கயிறுகள் காலில் சுற்றும்.

நோர்மண்டியில் மெர்டெரே, டூவ் ஆறுகளின் தாழ்நிலங்களை ஜெர்மன்காரர் தண்ணீரால் மூழ்கடித்து வைத்திருந்தார்கள். ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் அது புல்வெளியாகவே தெரிந்தது. அதில் விழுந்து மூழ்கியவர்கள் பலர், அதுவும் இடுப்பளவு, நெஞ்சளவு தண்ணீரில். பிரித்தானியரின் பரசூட் பட்டியில் ஒரே தட்டில் எல்லாம் கழரும் பூட்டு இருந்தது. அமெரிக்கருக்கு ஒவ்வொரு கொளுக்கியாகக் கழற்ற வேண்டும். இருட்டில், தண்ணீருக்கடியில், குளிர்ந்த விரல்களால் அதைச் செய்ய முடியாமல் எத்தனை இளம் பிள்ளைகள் போனார்கள்! எதிரியைக் கண்ணாலும் காணாமல் இறந்தவர்கள் அவர்கள்.

9. காட்டுக்க, பாலை முதிரை மரத்தில மாட்டினா?

காலை ஒட்டி வைத்து, முகத்தையும் கழுத்தையும் கையால் மறைக்கப் பழக்குவார்கள். மாட்டியபின் மேலதிகப் பரசூட்டைக் கீழே விரித்துவிட்டு அதைப் பிடித்து இறங்கலாம். சண்டை நடக்கும் இடமென்றால் அதற்கு விட்டுவைக்க மாட்டார்கள்.

10. இடம் மாறி விழுந்தா அந்தப் படை தோத்ததெண்டுதானே கணக்கு?

அப்படிச் சொல்ல முடியாது. 7ஆம் கேள்வியில் சொன்ன அதே இரவில் பிரித்தானியத் தளபதி ஒட்வே, மெர்வில் என்ற பீரங்கித் தளத்தைப் பிடிக்க 600 பேருக்கு மேல் கொண்டுவந்தார். விடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் 150 பேர் அளவில்தான். பெரும்பாலான கருவிகளும் வரவில்லை. என்றாலும் இருந்தவர்களோடு போய்த் தளத்தைப் பிடித்தார். சிசிலியில் கவின் வழியில் கண்டவர்களைச் சேர்த்துக்கொண்டுபோய், பியாசா என்ற மேட்டில் ஜெர்மன் கவசப் பிரிவை மறித்தார். எங்கே, எத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள் என்று எதிரிக்கும் தெரியாததால், சிதறல் சில வேளை உதவியும் செய்தது.

ஆனால் இதை வைத்து ‘சிதறினாலும் நல்லதுதான்’ என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தப்பியவர்கள் சொன்ன கதைகள்தான் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. 1943 செப்டெம்பர் 24 இரவு சோவியத் பரசூட் படையினர் நீப்பர் ஆற்றுக்கு அப்பால் குதித்தார்கள். அகலச் சிதறி, நகர்ந்துகொண்டிருந்த ஜெர்மன் படையணிகளுக்கு மேலேயே பலர் விழுந்தார்கள். தனித்தனியாக அகப்பட்டு அழிந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் காட்டில் இருந்த கெரில்லாக்களோடு சேர்ந்தார்கள். 1941 மே மாதம் கிரேக்க நாட்டின் கிரேத்தா தீவில் குதித்த ஜெர்மன் வீரர்களின் துப்பாக்கிகள் தனிப் பெட்டிகளில் வேறு பரசூட்டில் வந்தன. பெட்டி நூறு மீற்றர் தள்ளி விழுந்தாலே கையில் கைத்துப்பாக்கி மட்டும்தான்.

11. பொம்மையளைப் போட்டு ஏமாத்தினவையாம், உண்மையே?

உண்மை. நோர்மண்டி இரவில் பிரித்தானியர் பல இடங்களில் சாக்குத்துணிப் பொம்மைகளைப் பரசூட்டில் போட்டார்கள். கூடவே சில உண்மையான வீரர்களும் இறங்கி, சத்தம் எழுப்பும் கருவிகளை இயக்கினார்கள். ஜெர்மன் படையின் ஒரு பகுதி அவற்றைத் தேடி அலைந்தது.

12. இப்பிடி ஒருத்தன் வந்து எங்கட வளவுக்க விழுந்தா, ஊர்ச்சனம் என்ன செய்யிறது?

ஒரு அம்மா கேட்டு அனுப்பிய கேள்வி. இடம் தவறியவனை முதலில் காண்பது பெரும்பாலும் எதிரிப் படை அல்ல, வயலில் நிற்கிறவர்களும் வீட்டுக்காரரும்தான். 1965 செப்டெம்பர் 6 இரவு பாகிஸ்தான் தன் கொமாண்டோக்கள் 180 பேர் அளவை பத்தான்கோட், அதம்பூர், ஹல்வாரா விமானத் தளங்களுக்கு அருகே இறக்கியது. இருட்டில் சிதறி, கரும்பு வயல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் திசை தெரியாமல் நின்றவர்களைப் பஞ்சாப் கிராமத்துச் சனம் தடிகளோடு தேடிப் பிடித்துக் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் பிடிபட்டார்கள். நோர்மண்டியில் அதற்கு எதிர்மாறு. விழுந்தவர்கள் நட்பு நாட்டுப் படை என்பதால் விவசாயிகள் வழி காட்டினார்கள், காயப்பட்டவர்களைக் களஞ்சியத்தில் மறைத்து வைத்தார்கள்.

இரண்டுக்கும் விலை உண்டு. கிரேத்தாவில் ஊர்ச்சனமே பரசூட் படையை எதிர்த்தது. தீவு ஜெர்மனியின் கைக்குப் போனதும், 1941 ஜூன் 2ஆம் திகதி கொந்தோமாரி ஊரில் ஆண்களை ஒலிவ மரத்தோப்பில் நிறுத்திச் சுட்டார்கள். மறுநாள் கந்தானோஸ் ஊரையே அழித்தார்கள். படைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இறங்கியவன் எத்தனை கிலோமீற்றர் தவறினான் என்று எழுதுவார்கள். யாருடைய வளவில் விழுந்தான், அந்த வீட்டுக்கு என்ன நடந்தது என்று தேடி வாசிக்க வேண்டியிருக்கிறது. நான் பிள்ளைகளிடம் கேட்பது அதைத்தான்.

13. சரியா இறங்கியும் தோத்த கதை இருக்கோ?

இருக்கிறது, அதுவும் பெரிய கதை. 1944 செப்டெம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம். பட்டப்பகலில், நல்ல காலநிலையில், பிரித்தானியப் பரசூட் படை குறித்த இடத்திலேயே அழகாக இறங்கியது. ஆனால் குறித்த இடமே பாலத்திலிருந்து 10 கிலோமீற்றருக்கு மேல். நடந்து போவதற்குள் ஜெர்மன் கவசப் படை வழியை அடைத்துவிட்டது. பாலத்துக்குப் போய்ச் சேர்ந்த சிறு பகுதியும் கடைசியில் வீழ்ந்தது.

1ஆம் கேள்வியில் வந்த அளம்பில் இறக்கத்துக்கும் இதே சிக்கல். முகாமுக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தள்ளி இறங்கியதால் அந்த இடைத்தூரத்தைச் சண்டை பிடித்தே கடக்க வேண்டியிருந்தது. அவர்கள் போய்ச் சேர முன்னமே முகாம் விழுந்துவிட்டது.

14. 87இல இந்தியா பிளேனில பருப்புப் போட்டதே, அதுவும் இந்த வகைதானோ?

கணக்கு ஒன்றுதான், நோக்கம் வேறு. 1987 ஜூன் 4ஆம் திகதி, நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிய மறுநாள், இந்திய விமானப்படையின் ஐந்து அன்டனோவ்-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு வந்து யாழ்ப்பாணத்துக்கு மேலே 25 தொன் அளவு பொருட்களைப் பரசூட்டில் போட்டன. அந்தச் சனத்தொகைக்கு அது ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் காணாது. கொழும்புக்கு ஒரு செய்தி சொல்வதுதான் முதல் நோக்கம். அடுத்த மாதம் 29ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தம் வந்தது.

15. சாமான் பொதி இடம் மாறி விழுந்தா ஆருக்குப் போகும்?

கீழே நிலத்தை வைத்திருப்பவருக்கு. ஆர்னெமில் பொதி போட வேண்டிய இடம் ஜெர்மன்காரர் கையில் இருந்தது. அதைச் சொல்ல வானொலித் தொடர்பு இல்லை. விமானிகள் சூட்டுக்கு நடுவே உயிரைக் கொடுத்து எதிரிக்கே பொதி போட்டுவிட்டுப் போனார்கள். 1954இல் வியட்நாமின் டியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையின் வளையம் சுருங்கச் சுருங்க, போட்ட பீரங்கிக் குண்டுகளே எதிரியான வியட் மின் படையின் கைக்குப் போயின.

நிவாரணத்திலும் இதே கதிதான். 2016 பெப்ரவரியில் சிரியாவின் டெயிர் எஸ்ஸோர் நகருக்கு உலக உணவுத் திட்டம் மிக உயரத்திலிருந்து முதன்முறை போட்ட 21 தட்டுப் பொதிகளில் நான்கு சேதமாகின, ஏழு இரு தரப்புக்கும் இடைப்பட்ட சூனியப் பகுதியில் விழுந்தன, மிச்சம் பத்தையும் காணவில்லை. பிறகு முறையைத் திருத்தித் தொடர்ந்து போட்டார்கள், வெற்றியும் கண்டார்கள்.

16. இப்ப ஜிபிஎஸ் இருக்கே. இனிப் பிழைக்காதுதானே?

5ஆம் பதிலில் சொன்ன கிலோமீற்றர்த் தவறு மிகவும் குறைந்துவிட்டது. விமானம் எங்கே நிற்கிறது என்பது இப்போது தெரியும். தானே திசை திருப்பி இறங்கும் பொதிப் பரசூட்டுகளை அமெரிக்கர் 2006 முதல் ஆப்கானிஸ்தானில் பயன்படுத்தினார்கள். சதுர வடிவப் பரசூட்டில் குதிக்கும் சிறு அணிகள் உயரத்திலேயே விரித்து, பல கிலோமீற்றர் திசை பிடித்துப் போகும்.

மீற்றர்த் தவறு போகவில்லை. பெருந்தொகையாகக் குதிப்பவர்கள் இன்னமும் காற்று கொண்டுபோகிற பரசூட்டில்தான் இறங்குகிறார்கள். 3ஆம், 4ஆம் பதில்களின் கணக்கு அப்படியே செல்லும். ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குழப்பவும் படைகள் பழகிவிட்டன.

17. 2009இல எங்களுக்கு ஏன் ஒருத்தரும் மேலயிருந்து சாப்பாடு போடேல்லை? போட்டிருந்தா வந்து சேர்ந்திருக்குமோ?

கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டு மாத்தளன் பக்கம் இருந்து வந்தவர்கள் எல்லோரிடமும் இந்தக் கேள்வி இருக்கிறது. முதற்பாதி அரசியல். ஒரு நாட்டின் வான்பரப்பில் இன்னொருவர் பொதி போட அந்த நாடு சம்மதிக்க வேண்டும், அல்லது 1987இல் இந்தியா செய்ததுபோல் சம்மதமில்லாமல் வரத் துணிய வேண்டும். 2009இல் இரண்டும் நடக்கவில்லை. பெப்ரவரியிலிருந்து செஞ்சிலுவைக் குழுவின் கப்பல்தான் புதுமாத்தளன் கரைக்கு வந்து காயக்காரரை ஏற்றியது, கொஞ்ச உணவும் இறக்கியது.

இரண்டாம் பாதிக்கு இந்தப் பக்கத்திலுள்ள கணக்குகளே பதில் தரும். ஒரு பக்கம் நந்திக்கடல், மறுபக்கம் பெருங்கடல், நடுவில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் அகலமான மணற்பட்டி. விமானம் கரையோரமாக நீளவாக்கில் வந்து தாழப் போட்டால் பொதிகள் பட்டியிலேயே விழ வாய்ப்புண்டு. ஆனால் சண்டைக்கு மேலே எந்த விமானியும் தாழப் பறக்க மாட்டார். உயரத்திலிருந்து போட்டால் பக்கக் காற்று ஒன்றில் கடலுக்குள், அல்லது நந்திக்கடலுக்குள், அதற்கும் அப்பால் படை நின்ற பக்கம் கொண்டுபோயிருக்கும். மிச்சமானவை தறப்பாள் கொட்டில்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இடத்தில், சனத்துக்கு மேலே விழுந்திருக்கும். 2024 மார்ச்சில் காசாவில் இவையெல்லாம் நடந்தன. பரசூட் விரியாத பொதி விழுந்து ஆட்கள் இறந்தார்கள். கடலில் விழுந்த பொதிகளை எடுக்கப் போனவர்கள் மூழ்கினார்கள்.

ஆகவே என் பதில் இது: ஒரு பகுதி வந்திருக்கும், வந்ததில் சில உயிர்களும் போயிருக்கும், பசிக்கு அது காணாது. அந்தச் சனத்துக்குத் தேவைப்பட்டது கப்பல்கள், இன்னும் பல கப்பல்கள், அவை கரைக்கு வந்து போகும் நேரத்துக்காவது நிற்கிற சண்டை.